எதைக் காட்டினாலும் 'செவப்பு'ன்னு சொல்றாங்களா உங்க வீட்டுச் சுட்டி? வண்ணப் பாடம் அடுப்படியிலேயே இருக்கு!

"இது என்ன கலர், சொல்லு?"

"செவப்பு!"

"சரி, இது?"

"இதுவும் செவப்பு!"

காட்டியது பச்சை மிளகாயும் வாழைப்பழமும். எல்.கே.ஜி சேர்க்கை நேரம் வந்துவிட்டால், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தப் பரீட்சை தினமும் நடக்கும். 'பக்கத்து வீட்டுப் பிள்ளை கடகடன்னு சொல்லுதே, நம்ம பிள்ளைக்கு ஏன் வரலை?' என்று அம்மாவுக்குக் கவலை. 'கலர் கிட் ஒண்ணு வாங்கிரலாமா?' என்று அப்பா யோசிப்பார். மில் ஷிஃப்ட் முடிந்து வந்தபின் பிள்ளையோடு கிடைக்கிற அந்த ஒரு மணி நேரமும் அதட்டலிலும் அழுகையிலும் கரைந்துவிடும்.

டார்வினுக்கே வந்த சந்தேகம்!

இந்தக் கவலை இன்று நேற்று வந்ததல்ல. தன் பிள்ளைகள் நிறங்களின் பெயரைத் தப்புத் தப்பாகச் சொல்வதைப் பார்த்து, 'இவர்களுக்கு நிறக்குருடு இருக்குமோ' என்று தான் பயந்ததையும், பிறகு அது வீண் பயம் என்று தெரிந்ததையும் விஞ்ஞானி சார்லஸ் டார்வின் 1877-ல் எழுதியிருக்கிறார்.

பிறந்த சில மாதங்களிலேயே குழந்தையின் கண்ணுக்கு நிற வித்தியாசம் தெரிந்துவிடும். அந்த நிறத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது புரியத்தான் நாளாகும். 'பந்து' என்றால் கையில் பிடித்துக் காட்டலாம். 'சிவப்பை' எப்படிப் பிடித்துக் காட்டுவது? தக்காளியிலும் இருக்கிறது, பள்ளிக்கூட பேக்கிலும் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் இது மெள்ள மெள்ளப் பிடிபடும்.

நம் பேச்சு வேறு பிள்ளையைக் குழப்பும். 'பச்சைத் தண்ணி' பச்சையாக இருக்காது. பச்சரிசி வெள்ளையாக இருக்கும், பச்சைக் கற்பூரமும் அப்படியே. வெள்ளரிக்காயோ பச்சையாக இருக்கும். காய்ச்சாதது, வேகாதது, பழுக்காதது எல்லாமே நமக்குப் 'பச்சை'தான். பாவம், பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்?

பொருள் முன்னால், நிறம் பின்னால்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இதற்கு எளிய வழி சொல்கிறது. 'சிவப்புப் பந்து' என்று சொல்வதைவிட, 'பந்து சிவப்பு' என்று பொருளை முன்னால் சொல்லும்போது இரண்டு வயதுக் குழந்தைகள் நிறத்தை நன்றாகக் கற்றுக்கொண்டார்களாம். பொருள் எது என்று முதலில் தெரிந்துவிட்டால், அடுத்து வரும் சொல் அதன் நிறத்தைச் சொல்கிறது என்று பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

ஆகவே, 'இது என்ன கலர்?' என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டிவிடலாம். 'தக்காளி சிவப்பா இருக்கு பாரு', 'உன் சட்டை மஞ்சளா இருக்கு' என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னால் போதும்.

வீட்டிலேயே செய்யலாம் வாங்க!

1. வெள்ளைத் துணிக்குச் சாயம்: ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும் இந்தத் துணியில் சாயமும் எளிதாக ஏறும். கிடைக்காவிட்டால் பழைய வெள்ளை வேட்டித் துண்டு போதும். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர், இன்னொன்றில் பீட்ரூட் தண்ணீர். பிள்ளையே முக்கிக் கொடியில் காயப்போடட்டும். 'துணி மஞ்சளாயிருச்சு', 'துணி ரோஸாயிருச்சு' என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருங்கள்.

2. ஆரத்தி மேஜிக்: மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால், பிள்ளையோடு செய்யும்போது அது வேண்டாம். மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணியில் ஈரமான துணி சோப்பைத் தேய்த்தாலே செம்பழுப்பாக மாறும். அந்த 'ஐ!'தான் பாடம்.

3. சங்குப்பூத் தண்ணீர்: வேலியில் பூக்கும் நீலச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் தண்ணீர் நீலமாகும். ஆறியதும் பிள்ளையை எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்லுங்கள். நீலம் ஊதாவாகிவிடும். சில வீடுகளில் நீலத்தையே 'ஊதா' என்பார்கள். பாட்டி ஒன்றும் அம்மா ஒன்றுமாகச் சொல்லாமல், வீட்டில் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்வது நல்லது.

4. இலைக்கிளி: ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியைப் பார்க்காத பிள்ளை அந்த ஊரில் இருக்காது. தினமும் புதிதாகப் பச்சை இலைகளால் செய்யப்படும் கிளி அது. மூக்குக்கு மாதுளம்பூ. அதுபோல அட்டையில் ஒரு கிளி வரைந்துகொடுங்கள். உடம்புக்கு இலை, மூக்குக்குச் செம்பருத்தி இதழ். 'கிளி பச்சை, மூக்கு சிவப்பு' என இரண்டே நிறம். ஆரம்பத்தில் இரண்டு போதும், ஏழையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம்.

5. மாங்காய் காலண்டர்: சீசனில் ராஜபாளையம் சப்பட்டை மாங்காய் ஒன்றை வைக்கோலில் பழுக்கவைத்து, தினமும் பிள்ளையை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை எப்படி மஞ்சளாகிறது என்பதோடு, 'பச்சை'க்குப் பழுக்காதது என்று இன்னோர் அர்த்தம் இருப்பதும் தானாகப் புரியும்.

6. பால்கோவா பாடம்: நாலு வயதுக்கு மேல் என்றால், ஒரு தம்ளர் பாலையும் ஒரு துண்டு பால்கோவாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'ரெண்டும் ஒரே வெள்ளையா?' என்று கேளுங்கள். காய்ச்சக் காய்ச்ச நிறம் மாறுவதைச் சொல்லலாம். பாடம் முடிந்ததும் சாப்பிட்டும்விடலாம்!

பயறு, பருப்பு, பாசி மணிகளைப் பிரிக்கச் சொல்லும் விளையாட்டு மட்டும் மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்ளும் அபாயம் உண்டு.

எப்போது டாக்டரைப் பார்க்கலாம்?

பெயரை மாற்றிச் சொல்வது வேறு, நிறமே பிரித்துத் தெரியாமல் இருப்பது வேறு. இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். பெயர் கேட்காமல், 'இதே மாதிரி இன்னொண்ணு எடு' என்று சொல்லுங்கள். சரியாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் பயப்பட எதுவுமில்லை. நாலு, ஐந்து வயதாகியும் சிவப்பையும் பச்சையையும் பிரித்து வைக்கத் தெரியாமல் தடுமாறினால், கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தக் குறைபாடு ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். அம்மா வழி ஆண்களில் யாருக்காவது இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் பிள்ளையின் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தமில்லை.

இன்று மாலை உங்கள் சுட்டி வாழைப்பழத்தைப் பார்த்து 'செவப்பு' என்று சொன்னால், 'தப்பு' என்று அதட்ட வேண்டாம். 'வாழைப்பழம் மஞ்சளா இருக்கு, உரிச்சுத் தரட்டுமா?' என்று கேளுங்கள். பழமும் உள்ளே போகும், பாடமும் உள்ளே போகும்!