ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் 'போமட்' மட்டும்தான் மருந்தா?



பாடசாலைக் கந்தோராக இருக்கட்டும், பள்ளிவாசல் நிருவாக அறையாக இருக்கட்டும், கொம்பியூட்டர் மக்கர் பண்ணினால் எமதூரில் முதலில் வரும் வார்த்தை "போமட் அடிச்சிருவம்" என்பதுதான். இரண்டு ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கொம்பியூட்டரில் ஒன்று பழுதாகும். அதைக் கழற்றுவார்கள். அடுத்த நாள் திரையில் ஏதேதோ ஆங்கில வசனங்கள் வரும். உடனே மிச்சமிருக்கும் நல்ல டிஸ்க்கையும் போமட் செய்துவிடுவார்கள். முதல் இழப்பு டிஸ்க்கால் வந்தது. இரண்டாவது இழப்பு எமது கையால் வருவது. மாணவர் புள்ளிப் பட்டியல், ஜனாஸா நிதிக் கணக்கு, ஸகாத் பெயர்ப்பட்டியல் எல்லாம் அதிலேதான் போகின்றன.

இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை வின்டோஸ் கெட்டுப்போனதால் வருபவை அல்ல. டி டிரைவ் போய்விட்டது என்று தெரியாமல் அது பழைய விலாசத்தையே தேடிக்கொண்டிருக்கிறது. விலாசத்தை மாற்றிக் கொடுத்தால் போதும்.

"லொகேஷன் இஸ் நொட் அவைலபிள்" என்று வந்தால், டொக்கியுமென்ட்ஸ் அல்லது டெஸ்க்டொப் போல்டரை யாரோ முன்பு டி டிரைவுக்கு மாற்றியிருக்கக் கூடும். அந்தப் போல்டரில் ரைட் கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸில் லொகேஷன் பகுதிக்குப் போய், ரெஸ்டோர் டிபோல்ட் கொடுங்கள். அதற்கு இடம் தராவிட்டால் ஒரு பென் டிரைவைச் செருகி, டிஸ்க் மெனேஜ்மென்டில் அதற்கு டி என்ற எழுத்தைக் கொடுத்து, பழைய பெயரிலேயே ஒரு போல்டரும் உருவாக்கிவிட்டுத் திரும்ப முயலுங்கள்.

புதிய மென்பொருள் ஒன்றைப் போடும்போது "எரர் 1327, இன்வெலிட் டிரைவ்" என்று வந்தாலும் பெரும்பாலும் காரணம் இதுவேதான். விலாசம் சரியானால் அதுவும் போய்விடும்.

ஐகன் இருக்கிறது, மென்பொருள் திறக்கவில்லை என்றால் அது டி டிரைவில் போடப்பட்டிருந்திருக்கும். அதை மட்டும் மீண்டும் போட்டால் சரி. ஒரு மென்பொருளுக்காக முழுக் கொம்பியூட்டரையும் அழிக்கத் தேவையில்லை.

கொம்பியூட்டர் தொடங்கவே இல்லையா? வின்டோஸ் ஒரு டிஸ்க்கிலும், அதைத் தொடக்கிவைக்கும் பூட் பைல்கள் மற்ற டிஸ்க்கிலும் இருந்திருக்கலாம். கழற்றியதைத் திரும்பப் பூட்டிப் பாருங்கள். தொடங்கினால் முதல் வேலையாக முக்கியமான பைல்களைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, மற்ற டிஸ்க்கில் பூட் பைல்களை மட்டும் அமைத்துத் தருமாறு தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். இனி வின்டோஸ் போடும்போது மற்ற டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டுப் போடச் சொன்னால் இந்தத் தொல்லையே வராது.

போமட் செய்தால் வேலை சுருக்கமாக முடியும் என்பார்கள். உண்மைதான். வைரஸ் பரவியிருந்தால், வின்டோஸ் உண்மையிலேயே சிதைந்திருந்தால் அது தேவையும்கூட. ஆனால் பிரதி எடுத்த பிறகுதான். திருத்தும் கடைத் தம்பிமாரைக் குறை சொல்லிப் பயனில்லை. "போமட் பண்ணித் தாங்க" என்று கேட்டுக்கொண்டு போகிறவர்கள் நாம்தானே? "இந்தப் பிழை ஏன் வருது, பைல் போகாமல் திருத்த ஏலுமா?" என்று கேட்டால் அவர்களும் அதற்கேற்ப வேலை செய்வார்கள்.

கழற்றிய டிஸ்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய இரும்புக்காரரிடம் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். குயிக் போமட் செய்திருந்தாலும் உள்ளே இருந்தவற்றை மீட்டெடுக்க வழியுண்டு. ஸகாத் வாங்கிய குடும்பங்களின் பெயரும் பிள்ளைகளின் விபரமும் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். முழுமையாக அழியுங்கள், அல்லது உடைத்துவிடுங்கள்.

ஆசிரியர்களாக எமக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. துவித எண்ணைத் தசம எண்ணாக மாற்றத் தெரிந்த எமது ஓ.எல். பிள்ளை, திரையில் ஒரு பிழைச் செய்தி வந்தால் வாசிக்காமலே 'ஓகே'யை அமத்துகிறது. வாசித்தால் விளங்காத வசனம் அல்ல அது. வாசிக்கும் பழக்கத்தை நாம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பாடசாலைக் கொம்பியூட்டர் பழுதானால் கதவைப் பூட்டி வைக்காமல், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, பிள்ளைகளையே காரணம் தேட விடுவோம். அதைவிட நல்ல செய்முறைப் பாடம் வேறில்லை.

அடுத்த முறை பிழை வந்தால் மூன்று வேலை செய்யுங்கள். செய்தியைப் போனில் படமெடுங்கள். கடைசியாக எதைக் கழற்றினோம், எதை மாற்றினோம் என்று யோசியுங்கள். பைல்களுக்குப் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் போமட்தான் வழியென்றால், தாராளமாகச் செய்யலாம்.

உங்கள் பள்ளிவாசல், மத்ரஸா நிருவாகத்தினருக்கும் இதை எத்திவையுங்கள்.