கதவைத் திறந்துவிட்டால் போதுமா?

ஓர்ஸ் ஹில் என ஆங்கிலப் பெயர் தாங்கி நிற்கும் மேட்டின் அருகே திருக்கோணமலையின் உள்துறைமுகம் விரிந்து கிடக்கிறது. 1957-ஆம் ஆண்டு வரை இத்துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. கொடி இறங்கிற்று, கப்பல்கள் போயின. ஆங்கிலம் மட்டும் போகவில்லை. மருத்துவ பீடத்தின் வாயிலிலும் பொறியியல் பீடத்தின் வாயிலிலும் அது இன்றும் காவல் நிற்கிறது.

தாய்மொழிக் கல்வியைக் குறைகூற நாம் வரவில்லை. 1945-இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. அதனை அடுத்துத் தாய்மொழிப் போதனையும் படிப்படியாக உயர் வகுப்புகளை எட்டியது. உழவன் மகனுக்கும் கல்விச்சாலையின் கதவு திறந்தது. குழந்தைக்குக் கல்வி புகட்டத் தாய்மொழியே தக்கது என்று 1953-இல் யுனெஸ்கோ நிறுவனமும் உரைத்தது. அதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால், பின்பு நடப்பது என்ன? நம் மாணவன் உயர்தரம் வரை விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்கிறான்; தமிழிலே எழுதிச் சிறப்புச் சித்தி பெறுகிறான். பொது ஆங்கிலத்தில் அவன் பெறும் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளியில் சேர்வதில்லை. ஆகவே அப்பாடத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. மருத்துவ பீடத்தில் நுழைந்த அன்றே விரிவுரை ஆங்கிலத்தில் நிகழ்கிறது. நேற்றுவரை முதல்வனாக இருந்தவன் இன்று வாயடைத்து இருக்கிறான். அறிவு குன்றியதாலா? இல்லை. இரு கரைக்கும் நடுவே பாலம் கட்டுவாரில்லாமையால்!

பாலம் கட்டிவிட்டோம் என்கிறது கல்வி அமைச்சு. 2001-இல் உயர்தர விஞ்ஞான வகுப்புகளிலும், 2002-இல் ஆறாந்தர வகுப்பிலும் சில பாடங்களை ஆங்கிலத்திற் கற்பிக்க அனுமதி வந்தது. அனுமதி வந்தது, ஆசிரியர் வந்தனரா? ஆங்கிலத்தில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க வல்ல ஆசிரியர் உள்ள பாடசாலைக்கே அந்த அனுமதியாற் பயன். தம்பலகாமத்து வயலோரப் பிள்ளைக்கும், மூதூர்ப் பிள்ளைக்கும் அதனால் என்ன பயன்?

வகுப்பில் இடம் கிடைத்த பிள்ளையின் நிலையும் இரங்கத்தக்கதே. வீட்டிலே ஆங்கிலம் பேசும் பிள்ளையும், வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலமே கேளாத பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்கின்றனர். ஒரே நூல், ஒரே ஆசிரியர், ஒரே பரீட்சை. இதனைச் சமத்துவம் என்கின்றனர்! சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆங்கிலம் அறியாச் சீனப் பிள்ளைகளுக்கும் இதே சமத்துவம்தான் வழங்கப்பட்டது. அவர்களின் பெற்றோர் வழக்காடினர். ஒரே நூலையும் ஒரே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது என்று 1974-இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மொழி விளங்காத பிள்ளைக்கு மொழித்துணை தருவது பாடசாலையின் கடன் என்பது அதனால் நிலைபெற்றது.

அத்துணை யாது? ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழும் ஆங்கிலமும் அருகருகே அமைந்த சொற்றொகுதி வேண்டும். பிள்ளை தமிழிலே சிந்தித்துத் தமிழிலே ஐயம் கேட்டு, ஆங்கிலத்தில் விடையெழுதப் பழக வேண்டும். விஞ்ஞான ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கலந்து பேசிப் பாடத்தை வகுக்க வேண்டும். ஆங்கிலப் பாடவேளையில் கதையும் இலக்கணமும் போதா. பரிசோதனையை விவரிக்கவும், காரணம் காட்டவும், வரைபடத்தை விளக்கவும் கற்பிக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர் முதலில் பின்தங்கிய கிராமத்துக்கே செல்ல வேண்டும்.

"இதனால் தமிழ் அழியும்" என்பார் உளர். தமிழை ஊன்றுகோலாகக் கொண்டு ஆங்கிலத்தை எட்டும் முறையிலே தமிழ் எங்ஙனம் அழியும்? தமிழை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவைத்து ஆங்கிலத்தைத் திணிக்கும் முறையே தமிழுக்குக் கேடு. "பணம் இல்லை" என்பாரும் உளர். அரசாங்கம் செலவிடாத பணத்தை இன்று பெற்றோர் தனியார் வகுப்புகளுக்குச் செலவிடுகின்றனர். உத்தியோகத்தர் சம்பளத்திலிருந்து கொடுக்கிறார்; உழவர் நெல்லை விற்றுக் கொடுக்கிறார்; இரண்டும் இல்லாதவர் பிள்ளையின் படிப்பையே கைவிடுகிறார். அப்படியானால் இலவசக் கல்வி எங்கே?

உழவர் பெருமக்களே! கந்தளாய்க் குளம் நிரம்பி வழிந்தாலும் வாய்க்கால் இல்லையேல் வயலுக்கு நீர் வராது என்பதை உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கற்றறிந்த உத்தியோகத்தர்களே! உங்கள் பிள்ளை கரையேறிவிட்டது என்று வாளாவிருத்தல் முறையோ? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள். வலயக் கல்விப் பணிமனையிலும் மாகாணக் கல்வி அமைச்சிலும் கேளுங்கள். நாம் கேட்பது சலுகையன்று; 1945-இல் அளித்த வாக்கின் எஞ்சிய பாதி!