இரவுப் படத்தில் புள்ளி இருக்கட்டும், மழுப்பல் வேண்டாம்!

இரவு பதினொன்றரை மணி. ஷிப்ட் முடிந்து ஒரகடம் சந்திப்பைத் தாண்டி பைக்கில் வந்துகொண்டிருக்கிறீர்கள். ஒரு வேன் உங்களை உரசிவிட்டு நிற்காமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டென்று போனை எடுத்து ஒரு படம் எடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் வானம் அழகாக இருக்கிறது, தெருவிளக்கு பளிச்சென்று இருக்கிறது. நம்பர் பிளேட் மட்டும் வெள்ளைத் தீற்றல்!

'அட, நம்ம போன்லதான் நைட் மோடு இருக்கே, அப்புறம் ஏன் இப்படி?' என்று தோன்றும். இரவுப் படம் என்றால் புள்ளி புள்ளியாக இல்லாமல் வழவழவென்று இருக்க வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம்தான் தப்பு என்பது என் கருத்து.

நைட் மோடு பிறக்கும் ஊர்

இதைச் சொல்ல ஸ்ரீபெரும்புதூர் பகுதியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 2006-ல் இங்கே நோக்கியா ஆலை வந்தது, 2014-ல் மூடப்பட்டது. பிறகு சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகத் தொடங்கின. ஐபோனில் நைட் மோடு முதலில் வந்தது 2019-ல் வெளியான ஐபோன் 11-ல். அடுத்த ஆண்டே அந்த மாடல் இங்கே அசெம்பிள் ஆனது.

அதே ஆலையில் வேலை பார்த்த பெண்கள், 2021 டிசம்பரில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுக்க உட்கார்ந்து போராடினார்கள். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த நேரம் அது. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி வேறு பரவியது. அப்படி ஓர் இரவில் சாலையில் என்ன நடக்கிறது, யார் நிற்கிறார்கள் என்று காட்டும் படம் அழகுக்கானது இல்லை, சாட்சி. சாட்சிக்கு வேண்டியது தெளிவு. அதைவிட முக்கியம், உள்ளதை உள்ளபடி சொல்வது.

புள்ளி எங்கிருந்து வருகிறது?

நாய்ஸ் என்றால் கேமராவின் கோளாறு என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது வெளிச்சத்தின் குணம். மழை தூறும்போது முற்றத்தில் பத்துக் கிண்ணங்களை வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் துளி விழாது. கொட்டும் மழையில் அந்த வித்தியாசம் தெரியாது, தூறலில் தெரியும். சென்சாரில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் ஒரு கிண்ணம்தான்.

கணக்கும் எளிது. ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 துகள் மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். இருட்டில் புள்ளி தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

'ஐஎஸ்ஓவை ஏத்தினா நாய்ஸ் வரும்' என்பது பாதி உண்மை. ஐஎஸ்ஓ வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை. கிடைத்த சிக்னலைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். நாய்ஸ் வந்ததற்குக் காரணம் வெளிச்சம் குறைவாக உள்ளே போனது. ஆலைச் சாலைகளில் இருக்கும் மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஒளியில் நீல நிறம் மிகக் குறைவு என்பதால், படத்தின் நீலப் பகுதி பசியோடே இருக்கும். நிறப்புள்ளிகள் அங்கேதான் அதிகம் முளைக்கும்.

போன் போடும் கணக்கு

பெரிய ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் 36 × 24 மில்லிமீட்டர். விலை உயர்ந்த போனின் சென்சார்கூட பரப்பில் அதில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அந்தக் குறையை நைட் மோடு சாமர்த்தியமாக ஈடுகட்டுகிறது. பல படங்களை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சராசரி பார்க்கிறது. 9 படங்களை அடுக்கினால் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். கோயில் கோபுரத்துக்கும் பூட்டிய கடைத்தெருவுக்கும் இது அருமை.

ஆனால் ஓடும் வேன் சராசரிக்கு நிற்காது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 1/15 விநாடியில் ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். 1/250 விநாடியில் நகர்வது 7 சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்த ஒரு மீட்டரில்தான் நம்பர் பிளேட் கரைந்து போகிறது.

மிச்சமிருக்கும் புள்ளியை மென்பொருள் தேய்த்துவிடும். தேய்க்கும்போது முகச்சுருக்கம், எழுத்து, துணியின் நெசவு எல்லாம் சேர்ந்தே போகும். சில போன்கள் இன்னும் ஒரு படி தாண்டி, இல்லாததைச் சேர்க்கவும் செய்கின்றன. 2023 மார்ச்சில் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தை கணினித் திரையில் வைத்து சாம்சங் போனில் எடுத்துக் காட்டினார். மூலத்தில் இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்தன. செயற்கை நுண்ணறிவு மூலம் விவரங்களை மேம்படுத்துவதாக நிறுவனமே விளக்கம் சொன்னது. நிலா என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். நம்பர் பிளேட்டிலோ முகத்திலோ இப்படி நடந்தால்?

அதனால்தான் சொல்கிறேன்: புள்ளி நேர்மையானது. 'இங்கே வெளிச்சம் போதவில்லை' என்று அது ஒப்புக்கொள்கிறது. மழுப்பல் அதை மறைக்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் லென்ஸைத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்குதான் பாதி மங்கலுக்குக் காரணம்.

ஆளோ வண்டியோ நகர்ந்தால் நைட் மோடை அணையுங்கள். ப்ரோ மோடு இருந்தால் முதலில் ஷட்டரைப் பாருங்கள். நிற்கும் ஆளுக்கு 1/60, நடப்பவருக்கு 1/125, வண்டிக்கு 1/250 அல்லது அதற்கு மேல். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும், பயப்படாதீர்கள். புள்ளியைப் பிறகு ஓரளவு குறைக்கலாம்; கலங்கிப்போன எழுத்தை மீட்பது மிகக் கடினம்.

எல்இடி விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக வந்தால் 1/50 அல்லது 1/100-க்கு மாறுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்போடு ஷட்டர் ஒத்துப்போனால் பட்டை மறையும்.

நம்பர் பிளேட்டுக்கு ஃபிளாஷ் வேண்டாம். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்படி செய்த பிளேட் அது, முழுக்க வெளுத்துவிடும். திரையில் பிளேட்டைத் தொட்டு, எக்ஸ்போஷரைக் கீழே இழுங்கள். சுற்றிலும் கருத்துப் போகட்டும், எழுத்து நிற்க வேண்டும். ஜூமுக்குப் பதில், முடிந்தால் இரண்டடி முன்னால் போங்கள்.

எடுத்த ஒரிஜினலை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும்; நேரம், இடம் போன்ற தகவல்களும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் எந்தக் கருவியில் எடுத்தது, கோப்பின் ஹாஷ் மதிப்பு என்ன என்ற விவரங்கள் வர வேண்டும். ஃபில்டர் போட்டு மினுக்கிய பிரதியைவிட, தொடாத ஒரிஜினல் அங்கே கை கொடுக்கும்.

போன் நிறுவனங்களிடமும் ஒரு கேள்வி. புள்ளியைத் தேய்ப்பதையும் விவரம் சேர்ப்பதையும் ஒரே தட்டலில் அணைக்க எல்லா மாடலிலும் ஒரு பொத்தான் கொடுத்தால் என்ன? இருபதாயிரம் ரூபாய் போன் வைத்திருப்பவருக்கும் உள்ளது உள்ளபடி எடுக்கும் உரிமை வேண்டும்தானே.

கடைசியாக ஒன்று. கேமரா எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் வராத வெளிச்சத்தை அது அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கும் பெண்ணுக்கு நைட் மோடு இருந்தால் மட்டும் போதாது. இறங்கும் இடத்தில் ஒரு விளக்கு எரிய வேண்டும். அது எரியவில்லை என்றால், அதையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். புள்ளி புள்ளியாகத்தான் வரும். வரட்டும், இருட்டுக்கு அதுதான் ஆதாரம்.