பூட்டு எதைக் காக்கிறது?

திண்டுக்கல் நாகல்நகர்ப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் போய் நின்று "நல்ல பூட்டா ஒண்ணு வேணும்ணே" என்று கேட்டால், முதலில் ஒரு கேள்விதான் திரும்பி வரும்: "எதுக்கு?" கடை ஷட்டருக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று, மேசை இழுப்பறைக்கு ஒன்று, கோயில் கதவுக்கு ஒன்று. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் தொழிலில், எதைக் காக்கப்போகிறோம் என்று தெரியாமல் அரத்தைக் கையில் எடுப்பதில்லை. லினக்ஸ் கெர்னலில் டிரைவர் எழுதுகிற நாம் அந்தக் கேள்வியைக் கேட்காமலே பூட்டுப் போடுகிறோம். அதன் விலையை நான் இதே ஊர்ப்புறத்தில் பார்த்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஊருக்கு வெளியே ஓர் எடைமேடையில் கோளாறு என்று கூப்பிட்டிருந்தார்கள். மில்லுக்குப் போகும் பஞ்சு லாரிகளும் சந்தைக்குப் போகும் காய்கறி வண்டிகளும் ஏறி இறங்கும் இடம். எடைகாட்டியிலிருந்து ஆர்எஸ்-232 கேபிள் வழியே 9600 பாடு வேகத்தில் எடை கணினிக்கு வந்துகொண்டே இருக்கும். நாளுக்கு ஒன்றிரண்டு முறை அந்த எண்களுக்கு நடுவே சம்பந்தமில்லாத பைட் ஒன்று புகுந்துவிடும்; மென்பொருள் அந்த எடையை ஏற்காது; பின்னால் வண்டிகள் வரிசை கட்டும். கேபிளை மாற்றியிருந்தார்கள், எர்த் புதிதாகப் போட்டிருந்தார்கள், எடைகாட்டியையே மாற்றிப் பார்த்திருந்தார்கள். ஒரு வாரப் பதிவுகளை அடுக்கி வைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது: புகுந்த பைட்டின் மதிப்பு ஒவ்வொரு முறையும் 12. மின்சார இரைச்சல் ஒரே எண்ணை மாறாமல் சொல்லிக்கொண்டிருக்காது.

1.8432 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் உள்ள 16550 வகைச் சிப்பில் 9600 பாடு வேண்டுமானால் எழுத வேண்டிய வகுஎண் 12. இது நினைவுக்கு வந்ததும் மிச்சம் தானாக விளங்கியது. அந்தச் சிப்பில் முதல் முகவரிக்கு இரண்டு முகம். சாதாரணமாகப் படித்தால் வந்திருக்கும் பைட்டைத் தரும். லைன் கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் டிஎல்ஏபி என்ற பிட்டை ஏற்றிவிட்டால், அதே முகவரி வகுஎண்ணின் கீழ்ப்பாதியைத் தரும். எடைமேடை மென்பொருளோ ஒவ்வொரு வாசிப்புக்கு முன்பும் போர்ட் அமைப்பைத் திரும்ப எழுதியது. ஒரு கோர் அந்தப் பிட்டை ஏற்றி வகுஎண்ணை எழுதிக்கொண்டிருந்த சில மைக்ரோநொடிக்குள், இன்னொரு கோரில் இன்டரப்ட் வந்து அதே முகவரியைப் படித்தது. கிடைத்தது வகுஎண். பிட் இறங்கிய பிறகு உண்மையான பைட்டும் வந்து சேர்ந்தது. அதனால்தான் எதுவும் தொலையாமல், ஒன்று கூடுதலாக வந்தது.

கெர்னலின் பொதுவான 8250 டிரைவர் இந்த மாற்றத்தைப் போர்ட்டின் ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டுதான் செய்கிறது. இங்கே ஓடியது போர்டோடு வந்த தனி டிரைவர். எனக்கு முன் அதைத் தொட்டவர் நடுவில் ஒரு மில்லிநொடித் தாமதம் சேர்த்திருந்தார். பிழை சில நாள் அடங்கி, வேறு நேரத்தில் திரும்பி வந்தது. அடுத்தவர் ஸ்பின்லாக்கைச் சேர்த்தார்; ஆனால் இன்டரப்ட்டை நிறுத்தாமல் சேர்த்தார். பூட்டைப் பிடித்திருந்த அதே கோரில் இன்டரப்ட் வந்தது. அதன் ஹேண்ட்லரும் அதே பூட்டுக்காகச் சுழல ஆரம்பித்தது. பூட்டை விட வேண்டிய வேலையோ ஹேண்ட்லருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எடைமேடைக் கணினி அப்படியே உறைந்தது. இருவரும் திறமையற்றவர்கள் என்று சொல்ல மாட்டேன். டிரைவரில் எந்தத் தரவை எந்தப் பூட்டு காக்கிறது, அதை யார் யார் தொடுகிறார்கள் என்று ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்கவில்லை. அது தெரிந்திருந்தால், இன்டரப்ட்டை நிறுத்தி நிலையைச் சேமிக்கும் ஐஆர்க்யூசேவ் வகைதான் இங்கே வேண்டும் என்பது முதல் நாளே விளங்கியிருக்கும்.

பெரிய கைகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. கூகுள் புராஜெக்ட் ஜீரோவின் யான் ஹார்ன் 2020-இல் டிடிஒய் அடுக்கில் கண்டுபிடித்த சிவிஇ-2020-29661 பிழையில் பூட்டு போடப்பட்டே இருந்தது. போலி டெர்மினல்கள் இரண்டிரண்டாக இணைந்து வரும். மாற்றியது ஒரு முனையின் தரவை. பூட்டியதோ சில வேளைகளில் மறு முனையை. இருவர் இரண்டு வெவ்வேறு பூட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே தரவுக்குள் நுழைய முடிந்தது. திருத்தம் ஓரிரு வரி: சரியான முனையின் பூட்டைப் பிடிப்பது. என்_எச்டிஎல்சி டிரைவரில் 2009 ஜூனில் நுழைந்த ரேஸ், அனுப்ப முடியாமல் நின்ற பஃபர் ஒன்றை இரண்டு முறை விடுவிக்க இடம் கொடுத்தது. அலெக்சாண்டர் பொபோவ் அதை வெளிக்கொண்டு வந்தது 2017-இல். ஏறக்குறைய எட்டு ஆண்டு அந்தக் கதவு திறந்தே கிடந்தது.

எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய பூட்டு போட்டுவிடலாமா? கெர்னல் அதையும் செய்து பார்த்தது. பிக் கெர்னல் லாக் எதையெதைக் காக்கிறது என்று யாராலும் முழுதாகச் சொல்ல முடியாத நிலை வந்ததால், அதைப் பிரித்தெடுக்கவே பல ஆண்டு பிடித்தது. 2011-இல் 2.6.39 பதிப்பில்தான் அது முழுமையாக வெளியேறியது.

கருவிகள் உதவும். 2006-இல் 2.6.18-உடன் வந்த லாக்டெப், எடைமேடையில் நடந்த இரண்டாவது தவறை, கணினி உறையும் முன்பே சொல்லியிருக்கும். ஒரே பூட்டு ஓரிடத்தில் இன்டரப்ட்டுக்குள்ளும் வேறோரிடத்தில் இன்டரப்ட் திறந்த நிலையிலும் பிடிக்கப்படுகிறது என்பதே அதற்குப் போதும். இரண்டும் மோதிக்கொள்ள வேண்டியதில்லை. 2020-இல் 5.8-உடன் வந்த கேசிசான், நினைவகத்தில் பூட்டில்லாமல் இருவர் ஒரே இடத்தைத் தொடுவதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரு ரெஜிஸ்டர் முகவரிக்கு இரண்டு முகம் உண்டு என்பதை எந்தக் கருவியும் அறியாது. அது டேட்டாஷீட்டைப் படித்தவருக்கு மட்டுமே தெரியும். படித்தவர் எழுதி வைக்காவிட்டால் அந்த அறிவு அவரோடு போய்விடும்.

இதை இப்போது வலியுறுத்தக் காரணம் உண்டு. 2024-இல் 6.12 பதிப்பில் ப்ரீஎம்ப்ட்_ஆர்டி பொதுக் கெர்னலுக்குள் வந்துவிட்டது. அதைத் தேர்ந்து கட்டினால், வழக்கமான ஸ்பின்லாக் தூங்கக்கூடிய பூட்டாக மாறும். பெரும்பாலான இன்டரப்ட் வேலைகள் திரெட்டுக்குள் போகும். "இங்கே இன்டரப்ட் நிறுத்தப்பட்டிருக்கிறது, ஆகவே பயமில்லை" என்ற எழுதப்படாத நம்பிக்கையில் நிற்கும் டிரைவர்கள் அங்கே சரியும். நூற்பாலைகளிலும் எடைமேடைகளிலும் பழைய சீரியல் போர்ட்டுகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் டிரைவர்கள் பலவற்றை எழுதியவர்கள் அருகில் இல்லை. பராமரிப்பது நாம்தான்.

ஆகவே இந்தப் பத்திரிகையில் ஒரு முடிவெடுத்திருக்கிறோம். அடுத்த இதழிலிருந்து, டிரைவர் பற்றி இங்கே அச்சாகும் ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு சிறு அட்டவணை இருக்க வேண்டும்: பூட்டின் பெயர், அது காக்கும் தரவும் ரெஜிஸ்டர்களும், அவற்றைத் தொடும் இடங்கள், அங்கே இன்டரப்ட்டின் நிலை. தாமதம் சேர்த்துப் பிழையை அடக்கிய திருத்தங்களைத் திருத்தமாக ஏற்க மாட்டோம். பூட்டைப் பிடித்துத்தான் வர வேண்டிய ஃபங்க்ஷன்களில் லாக்டெப் சரிபார்ப்பு வரி இருக்கிறதா என்றும் பார்ப்போம்.

அந்த எடைமேடை டிரைவரில் என் கடைசித் திருத்தம் ஒரு கருத்துரை வரி: "போர்ட் பூட்டு காப்பது: லைன் கன்ட்ரோல் ரெஜிஸ்டர், வகுஎண், முதல் முகவரியின் வாசிப்பு." ஐஆர்க்யூசேவ் வகைப் பூட்டைப் போட்டதும் பிழை நின்றுவிட்டது; இந்த வரி இல்லாமலும் டிரைவர் ஓடியிருக்கும். எனக்குப் பின் அந்தக் கோப்பைத் திறக்கப்போகிறவருக்காக அதை எழுதினேன். அவர் ஒரு வாரப் பதிவுகளை அடுக்கி வைத்து 12 என்ற எண்ணைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.