பத்து நாள் மௌனமும் மனநோய் மாத்திரையும்

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதை நம்மவர்கள் நாலு பேரிடம் தாராளமாகச் சொல்வார்கள். மனச்சோர்வுக்கு என்றால் மட்டும் மூச்சு விடமாட்டார்கள். பிழைக்க வந்த இடத்தில் சொந்தமென்று இருப்பதே சங்கத்தில் பார்க்கும் நாலு குடும்பம்தான். அவர்களுக்குத் தெரிந்தால் பையனுக்குப் பெண் கிடைக்காதே என்ற பயம். இந்த மறைப்புக்குத் தியான முகாம் ஒரு திரையாகிவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

தியானத்தை நான் குறை சொல்லவில்லை. பர்மாவில் பிறந்த எஸ்.என். கோயங்கா 1969இல் இந்தியா வந்து விபாசனா கற்பித்தார். இகத்புரி மையம் 1976இல் உருவானது. 1994இல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் அமர்ந்தார்கள். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக 1979இல் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு பயிற்சி தொடங்கினார். மூச்சைக் கவனிப்பது, உடம்பை அங்கம் அங்கமாகக் கவனிப்பது எல்லாம் பௌத்தச் சரக்குதான். பஞ்சசீலத்தை விட்டுவிட்டு மூச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று சிலர் குறைப்படுகிறார்கள். வலியில் துடிக்கிறவனிடம் முதலில் சீலம் பேச முடியுமா? எனக்கு அதில் தவறு தெரியவில்லை.

பிறகு சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூவர் இதை மனச்சோர்வுக்குப் பொருத்தினார்கள். ஒருமுறை சோர்வில் விழுந்து எழுந்தவருக்குச் சின்ன வருத்தம் வந்தாலும், "நான் எதற்கும் உதவாதவன்" என்ற பழைய எண்ணங்கள் சங்கிலியாகத் தொடரும். எண்ணத்தை எண்ணமாக மட்டும் பார்க்கப் பழகினால் சங்கிலி அறும். இங்கிலாந்தின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2004இல் இதைப் பரிந்துரைத்தது. யாருக்கு? மூன்று முறையோ அதற்கு மேலோ சோர்வு வந்து, இப்போது தேறியிருப்பவர்களுக்கு. நோய் முற்றி நிற்பவருக்கு அல்ல. நம் வீடுகளில் இந்த இடம்தான் கோட்டை விடப்படுகிறது.

இகத்புரி என்றால் என்னைப் போன்ற ரயில்வேக்காரனுக்கு முதலில் நினைவு வருவது மலையேற்றம். கசாராவிலிருந்து முப்பத்தேழு அடிக்கு ஓர் அடி ஏற்றம். வண்டிக்குப் பின்னால் பாங்கர் எஞ்சின் மாட்டித் தள்ளுவார்கள். மேலே போனதும் கழற்றுவார்கள். எங்கே கழற்றுவது என்று பயணி தீர்மானிப்பதில்லை. மாத்திரையும் அப்படித்தான். சிலருக்குக் கடைசி வரை கழற்றக் கூடாமலும் இருக்கலாம். அதை டாக்டர் சொல்லட்டும்.

கடுமையான மனநோய் உள்ளவர்களுக்குப் பத்து நாள் முகாம் ஏற்றதல்ல என்று விபாசனா மையங்களே சொல்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் மகனுடைய மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தினார்கள். விண்ணப்பத்திலும் மறைத்து ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். நான்காம் நாள் பையன் தூக்கமின்றி, கலங்கிப்போய்த் திரும்பினான். பழி முகாமின் மேல் விழுந்தது. இப்போது டாக்டருடைய யோசனைப்படி மாத்திரையும் உண்டு, காலையில் இருபது நிமிடம் மூச்சுப் பயிற்சியும் உண்டு. வேலைக்கும் போகிறான். யாராவது விசாரித்தால் மட்டும் அவன் அம்மா இன்னமும் "அல்சருக்கு மருந்து சாப்பிடறான்" என்றுதான் சொல்கிறார்.