புராணம் பட்டாவாகுமா?

உளுந்தூர்பேட்டை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஒருவன் வந்து, "இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இந்தக் கொல்லைக்கு முதலில் வந்தவன் என் பாட்டன் என்று எங்கள் குலகுரு எழுதி வைத்திருக்கிறார், ஆகையால் இப்போது உழுகிறவனை விரட்டிவிட்டு என் பேருக்கு எழுதுங்கள்" என்றால், குமாஸ்தா சிரிப்பாரா, மாட்டாரா? ஒரு காணி நிலத்துக்குச் செல்லாத சாட்சியம் ஒரு தேசத்துக்கு மாத்திரம் எப்படிச் செல்லும் என்று நாம் கேட்கின்றோம்.

பாலஸ்தீனத்தில் யூத மதவாதிகள், கடவுள் ஆபிரகாமுக்குக் கொடுத்த பூமி என்கிறார்கள். ஹமாஸ் 1988-ல் வெளியிட்ட சாசனமோ, உலக முடிவு வரை முஸ்லிம்களின் வக்பு சொத்து என்றது. இரண்டு கடவுள் பத்திரங்கள்! ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர்களை நாஜிகள் கொன்றது வாஸ்தவம். 1948-ல் 7 லட்சம் அராபியர் வீடு வாசல் இழந்ததும் வாஸ்தவம். ஒருவர் அந்த வருஷத்தைச் சுதந்தரம் என்கிறார். மற்றவர் "நக்பா", அதாவது பேரழிவு என்கிறார்.

நிற்க, நம் பக்கத்து இலங்கைக்கு வருவோம். அங்கே பத்திரத்தின் பெயர் மகாவம்சம். சுமார் 1,500 வருஷத்துக்கு முன் பிக்கு ஒருவர் எழுதியது. புத்தர் மறைந்த அதே நாளில் விஜயன் வந்து இறங்கினானாம். அவனுக்கும் அவன் ஆட்களுக்கும் மதுரையிலிருந்து பெண் வந்ததாகவும் அதுவே சொல்லுகிறது. அப்படியானால் இது சம்பந்திச் சண்டையல்லவா? எல்லாளனைக் கொன்ற துட்டகைமுனு, செத்த ஜனங்களை எண்ணி வருந்தியபோது, செத்தவர்களில் மனிதர் ஒன்றரைப் பேர்தான், மற்றவர் மிருகத்துக்குச் சமானம் என்று பிக்குகள் தேற்றினார்களாம். இந்தக் கணக்கைப் படித்து வளர்ந்த நாட்டில் 1948-ல் தோட்டத் தமிழர் சுமார் 7 லட்சம் பேர் பிரஜா உரிமை இழந்ததும், 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததும், 2009-ல் முள்ளிவாய்க்கால் நடந்ததும் ஆச்சரியமா?

நம்மவர் யோக்கியதை என்ன? மகாவம்சம் புரட்டு என்று சொல்லிவிட்டு, இராவணனைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்! ராமாயணம் பொய் என்று மேடையில் பேசின வாயால் இராவணன் பட்டாவைக் காட்டலாமா? சிங்களவரும் இப்போது அவனைத் தங்கள் அரசன் என்கிறார்கள். 2019-ல் இலங்கை விட்ட செயற்கைக் கோளுக்கு "ராவணா-1" என்றே பெயர். முதலில் வந்தவனுக்கே நாடு என்றால், இரு கூட்டமும் மூட்டை கட்டிக்கொண்டு வேடரிடம் ஒப்படைத்துவிட வேண்டியதுதான். இது மாத்திரமா? 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 70 ஆயிரம் முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்களே, அவர்கள் பேசினது எந்தப் பாஷை? தமிழ் அல்லவா?

பின் நியாயத்துக்கு அளவுகோல் எது? நம் கல்வராயன் மலையைப் பாருங்கள். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்ததாக மலையாளி மக்களே கதை சொல்லுகிறார்கள். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அவர்களிடம் அந்தக் கதையைக் கேட்கவில்லை. 2005 டிசம்பர் 13-க்கு முன்பே நிலம் உன் அனுபவத்தில் இருந்ததா என்றுதான் கேட்கிறது. உயிரோடிருக்கும் மனிதனைக் கேட்கும் கேள்வி இது. அதுவே அளவுகோல்.

ஆனால், பிடுங்கினவன் இதைச் சொல்லி, இன்று நான்தான் உழுகிறேன் என்று தப்ப முடியாது. பிடுங்கப்பட்டவனும் அவன் பிள்ளைகளும் முகாம்களில் உயிரோடிருக்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள சாவி புராணமல்ல. அதே போல், இஸ்ரேலில் பிறந்த குழந்தையை "எங்கிருந்தோ வந்தவன்" என்று கடலில் தள்ளுவதும் நியாயமல்ல. அதற்குப் போக வேறு ஊர் ஏது? 2023 அக்டோபர் 7-ல் சுமார் 1,200 பேரைக் கொன்றவர்களும், பிறகு காசாவில் பல பதினாயிரம் பேரைக் கொன்றவர்களும் அதே ஒன்றரைக் கணக்குக்காரர்களே.

ஆகவே தோழர்களே, யார் பாட்டன் முந்தி என்ற வழக்கைக் குப்பையில் போடுங்கள். யார் வீடு போயிற்று, யாருக்கு ஓட்டில்லை, யார் பிள்ளை செத்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எதிரிக்காகவும் கேட்கிறவனே சுயமரியாதைக்காரன்.