அணுக்கருவுக்கும் கை உண்டா?

கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் என்று வேதியியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்தக் கைகள் அணுக்கருவின் வடிவத்திலிருந்து முளைத்தவையோ என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் என்னிடம் கேட்டுவிடுகிறார். கார்பன்-12இன் கருவில் ஆறு நியூட்ரான்கள், கார்பன்-13இல் ஏழு. கருவின் அமைப்பு மாறியும் இணைதிறன் நான்காகவே நிற்கிறது. ஆகவே கைகளை நிர்ணயிப்பது கருவின் வடிவமன்று. அதன் மின்னூட்டமும், அதற்குக் கட்டுப்பட்ட எலக்ட்ரான்களுமே.

சரி, கேள்வியைத் திருப்பிப் போடுவோம். கருவுக்குள்ளேயே வேதிப்பிணைப்பு போன்ற ஒன்று உண்டா? 1938இல் ஹாஃப்ஸ்டாட், டெல்லர் என்னும் இருவர் இப்படித்தான் எண்ணிப் பார்த்தார்கள். கார்பன்-12 என்பது மூன்று ஆல்ஃபா துகள்களால் ஆன முக்கோணம். ஆக்சிஜன்-16 நான்கு ஆல்ஃபாக்களால் ஆன நான்முகி. முன்னதில் மூன்று பிணைப்புகள், பின்னதில் ஆறு. பென்சிலை எடுங்கள். கார்பன் கருவை ஆல்ஃபாக்களாகப் பிரிக்க 7.27 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் தேவை, ஆக்சிஜனுக்கு 14.44. வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரு பிணைப்புக்கு ஏறத்தாழ 2.4! (வேதிப்பிணைப்பில் சில எலக்ட்ரான் வோல்ட்தான், பத்து லட்சம் மடங்கு வித்தியாசம்.)

துள்ளிக் குதிக்க வேண்டாம். பெரிலியம்-8இல் இரண்டு ஆல்ஃபாக்கள், ஒரு பிணைப்பு. அதுவோ ஒரு நொடியில் கோடி கோடியில் ஒரு பங்கு நேரம்கூட நிற்காமல் உடைந்துவிடுகிறது. கணக்கு காலை வாரிவிட்டது!

இதனால்தான் இத்தகைய உவமைகளைக் கண்டு முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் அவர்கள் கட்சியல்லன். எண்ணில் வந்து மாட்டிக்கொள்ளாத உவமைதான் எனக்கு வேண்டாம். இது மாட்டிக்கொண்டது, அதனாலேயே பயன்பட்டது. அதே இரண்டு ஆல்ஃபாக்களோடு ஒரு நியூட்ரானைச் சேருங்கள். பெரிலியம்-9 கிடைக்கிறது, அது நிலையானது. ஹைட்ரஜன் மூலக்கூறு அயனியில் ஒற்றை எலக்ட்ரான் இரு புரோட்டான்களுக்கும் பொதுவாக நின்று அவற்றைக் கட்டுகிறதல்லவா? அவ்வாறே இந்த நியூட்ரானும் கட்டுகிறது என்று கொண்டு இன்றும் அணுக்கரு இயற்பியலார் கணக்கிடுகிறார்கள்.

பெரிலியம்-7இன் கதை இன்னும் வேடிக்கை. அதன் கரு, தன்னைச் சுற்றும் எலக்ட்ரான் ஒன்றையே விழுங்கி லித்தியம்-7 ஆகிறது. அரை ஆயுள் சுமார் 53 நாட்கள். அந்த அணு எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, கருவருகே எலக்ட்ரான் இருக்கும் வாய்ப்புச் சற்றே கூடும், குறையும். அதற்கேற்ப அரை ஆயுளும் ஏறத்தாழ ஒரு சதவீதம் வரை மாறுவதை அளந்திருக்கிறார்கள்.